சீட்டு எழுதாத எஞ்சின்

— எழுதி வச்சுக்கோக்கா. மனுஷன் கண்டுபிடிச்ச எஞ்சின்ல என்னால பிரிச்சு மாட்ட முடியாதது இன்னும் பொறக்கல.

— இதுவரைக்கும் எத்தனை பிரிச்சிருக்க?

— மூணு. ஃபேன் மோட்டாரையும் சேர்த்தா நாலு.

— மாட்டினது?

— அந்தத் துறையில இன்னிக்குத்தான் இறங்கியிருக்கேன்.

— சுண்டு, மூணு வாரமா அப்பாவோட பிக்கப் வண்டி வயித்தைத் திறந்து போட்ட மாதிரி நிக்குது. ஒவ்வொண்ணையும் பேப்பர்ல சுத்தி, இது என்ன, எங்கேர்ந்து கழட்டினதுன்னு எழுதி வைடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீ மொத்தத்தையும் துணி ஊறவைக்கிற வாளியில கொட்டி வச்சிருக்க.

— நீதான் வீடு பூரா சீட்டு ஒட்டியாச்சே. 'இது கதவு', 'இது ஸ்விட்ச்', 'இது உப்பு, சர்க்கரை இல்லை'. வீடாக்கா இது? கண்காட்சி. வாசல்ல டிக்கெட் கிழிக்க ஆள் போடறதுதான் பாக்கி. எஞ்சினையாவது விட்டு வை.

— அப்பாவுக்கு எது என்னன்னு தெரியலையேடா. நேத்து வாசல்னு நெனச்சு பீரோவைத் திறந்து, வெளிய போக செருப்பு மாட்டிக்கிட்டு நின்னாரு.

— சீட்டு ஒட்டினா ஞாபகம் வந்துருமா? ஞாயித்துக்கிழமை இந்த எஞ்சின் உறுமும். இருபத்தஞ்சு வருஷம் அந்தக் காது கேட்ட சத்தம். கேட்ட மறுநிமிஷம், 'டேய் சுண்டு, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுடா'ம்பாரு. எழுதி வச்சுக்கோ.

— டாக்டர் அப்படிச் சொல்லலையே.

— டாக்டருக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?

— மெதுவா பேசு, அப்பா வர்றாரு. வாங்கப்பா, பார்த்து, கீழ எண்ணெய்.

— வணக்கம் டீச்சரம்மா. மெக்கானிக் தம்பி, வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?

— கேட்டியா சுண்டு? இன்னிக்கும் நான் டீச்சர்தான்.

— உனக்காவது படிச்ச உத்தியோகம். ஆங்... முடிஞ்ச மாதிரிதாங்க ஐயா. பிஸ்டன் ராடு நாலுக்கும் அடிமூடி போட்டு முறுக்கினேன். அதுக்கப்புறம் கிராங்க் தண்டு சுத்த மாட்டேங்குது. நட்டு வச்ச தூணாட்டம் நிக்குது.

— கோவிச்சுக்காதீங்க தம்பி. மூடியை மாத்திப் போட்டிருக்கீங்க.

— நாலும் ஒரே அளவுதானேங்க?

— உங்க பல்லும் என் பல்லும்கூட ஒரே அளவுதான். மாட்டிக்கலாமா? ஒவ்வொரு மூடியும் அதோட ராடுக்குன்னே சேர்த்துக் கடைஞ்சது. கழட்டும்போது சீட்டு எழுதலையா?

— இல்லீங்க.

— சிரிக்காதீங்க டீச்சரம்மா, பாவம், தொழிலுக்குப் புதுசு. தம்பி, இனிமே எழுதுங்க. பேர் மட்டும் போட்டாப் பத்தாது. எதுலேர்ந்து கழட்டினதுன்னு போடணும். அது தெரியாத சாமான் வெறும் பழைய இரும்பு. சரி, அந்தக் கசடைத் துடைங்க. ராடுல புள்ளி தெரியுதா? அதே மாதிரி மூடியிலயும் இருக்கும்.

— இருக்கு! இதுல ரெண்டு. இதுல நாலு.

— ரெண்டோட ரெண்டு, நாலோட நாலு. முன்னாடி இதைப் பிரிச்சு மாட்டினப்ப நான் அடிச்ச புள்ளிதான். என் மகன் பொறந்த வாரம். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவனைக் கூட்டிட்டு வந்தது இந்த வண்டியிலதான். வழி பூரா ரெண்டாவது கியரைத் தாண்டல.

— உங்க மகன் இப்ப எங்கங்க?

— எங்கயோ வேலையா இருக்கானாம். தங்கமான பிள்ளை. வாய்தான் கொஞ்சம் நீளம். வந்தா அவனுக்கு உங்களைக் காட்டணும்.

*

— ஞாயிறு வந்தாச்சு, எஞ்சினும் மாட்டியாச்சு. சொன்னேனா இல்லையாக்கா? சாவியை அப்பா கையில குடு.

— சுண்டு, நீ நம்பற மாதிரி நடக்கலைன்னா...

— குடுக்கா. ஐயா, ஏறி உட்காருங்க. நீங்கதான் எடுக்கணும்.

— கிளட்ச் மிதிச்சாச்சு. நியூட்ரல் இருக்கு. திருப்பறேன் தம்பி.

— இருமுது... இன்னொரு தரம் திருப்புங்க! விடாதீங்க!

— டேய் சுண்டு, பிடிச்சிருச்சுடா! ஓடுதுடா! அப்பா வண்டி நெசமாவே ஓடுதுடா!

— அப்பா, கேக்குதா? இந்தச் சத்தம் கேக்குதாப்பா?

— நல்லாக் கேக்குது. நாலும் ஒரே சீரா அடிக்குது. என் கண்ணே பட்டுடும் போல.

— என்னைப் பாருங்க. நான் யாரு?

— கைராசிக்காரர் நீங்க. வேற எவன் வந்தாலும் இந்த வண்டியைத் தொட விட மாட்டேன்.

— அக்கா, இன்னும் எஞ்சின் சூடேறலை. சூடேறட்டும். சூடேறினா...

— சுண்டு.

— கொஞ்சம் ரேஸ் குடுங்கய்யா. இன்னும். இன்னும் கொஞ்சம்.

— தம்பி, கோவிச்சுக்காதீங்க. புதுசா மாட்டின எஞ்சினை இப்படி விரட்டக் கூடாது.

— சுண்டு, கால் மணி நேரமா ஓடுதுடா. ஷெட்டு பூரா புகை. அவருக்கு மூச்சு முட்டப் போகுது. நிறுத்து.

— ...சாவியை எடுத்துட்டேன்க்கா.

— வா, மூஞ்சியைக் கழுவு.

— உன் பேப்பர் எங்கக்கா?

— எந்தப் பேப்பர்?

— சீட்டுக்குன்னு கிழிச்சு வச்சிருப்பியே. அதுல ஒண்ணு குடு. பேனாவும் குடு. குண்டூசி இருந்தா அதுவும்.

— எதுக்குடா? எல்லாத்தையும்தான் மாட்டியாச்சே. வாளி காலி.

— ஒண்ணு பாக்கி இருக்கு.

— என்ன எழுதற? ...டேய். சட்டையிலயா? இரு, விரல்ல குத்திக்காத. நான் குத்தறேன், இங்க திரும்பு.

— கோணலா இருக்கா?

— இல்லடா. சரியா இருக்கு.

— ஐயா, இதைக் கொஞ்சம் படிங்க.

— இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். ம்... 'சுண்டு. மகன்.' கையெழுத்து லட்சணமா இருக்கு. ஆனா தம்பி, கோவிச்சுக்காதீங்க, எதுலேர்ந்து கழட்டினதுன்னு போடலையே?