பாலிசி மாறும் வரை

பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்ததும் மறுபேச்சில்லாமல் பணம் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். காய்கறிக் கடையில் கால் கிலோ வெங்காயத்துக்கு மல்லுக்கு நிற்கிற அதே ஆட்கள்தான். மருத்துவக் காப்பீடு என்று வந்துவிட்டால் மட்டும் கம்பெனிக்காரன் கேட்டதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். நான் அப்படி இல்லை. நீங்கள் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சுபாவம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு என்னுடையது. ஒரு பெட்டி போல்ட் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். அதனால் எனக்குக் ‘கொட்டேஷன் சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் பாலிசிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் மேசையைத் தேடி வருகிறவர்களும் அதே ஆட்கள்தான். அறை வாடகைக்கு வரம்பு உண்டா, மொத்த பில்லில் நம் தலையில் எவ்வளவு விழும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டுவேன். வாயைப் பிளப்பார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

யாரையும் நான் லேசில் நம்பமாட்டேன். ஏஜெண்ட் சிரித்துப் பேசினால் அவனுடைய கமிஷன் ஞாபகத்துக்கு வரும். எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால், நமக்குக் காப்பீடு இருப்பது அவர் காதுக்குப் போய்விட்டது என்று நினைப்பேன். வீட்டில் நான், மனைவி, விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் என்று மூன்று பேர். பழைய கம்பெனியில் இருந்த அத்தனை வருடத்தில் அவர்களிடம் நாங்கள் ஒரு காசு கேட்டதில்லை. அதற்காகக் காப்புத் தொகையை வருடாவருடம் கூட்டிக்கொண்டே வந்தார்கள். அதை நான் குழந்தையை வளர்ப்பது போலத்தான் வளர்த்தேன்.

போன வருடம் பழைய கம்பெனி சந்தாவைத் தாறுமாறாக ஏற்றியது. அதே பழைய பாலிசி, அறை வாடகைக்கு அதே வரம்பு, பில்லில் அதே நம் பங்கு. சரி, வேறு இடம் பார்ப்போம் என்று மூன்று கொட்டேஷன் வாங்கினேன். பழைய கம்பெனியில் காத்திருந்து சேர்த்து வைத்த வருடங்களை இழக்காமல் கம்பெனி மாறிக்கொள்ளலாம். ஆனால் புதுக் கம்பெனி நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும். நோயாளி என்று வாசனை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் துருப்பிடித்த சரக்கை வாங்கமாட்டேன்.

என் மனைவி திரைச்சீலை தைப்பவள். முன்னறை முழுக்கத் துணி மூட்டையும் தையல் இயந்திரமுமாகத்தான் இருக்கும். வேலை செய்யும்போது உதட்டில் வரிசையாகக் குண்டூசி வைத்திருப்பாள். நம் வீட்டில் சண்டை வராததற்குக் காரணம் அந்தக் குண்டூசிதான் என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் ஊசி விழாமல் சிரிப்பாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொட்டேஷன்கள் வந்த அதே வாரம்தான் அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன். கட்டி மாதிரி இருக்கு.”

அக்குளுக்குக் கீழே. தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டையை விடப் பெரிதாக, கெட்டியாக, நகராமல் இருந்தது.

“வலிக்குதா?”

“வலிக்கல. அதான் பயமா இருக்கு.”

“வலிக்காததுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா? பாலிசி வேலை முடியட்டும், பாத்துக்கலாம்.”

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தாள்.

மூன்று விண்ணப்பங்களையும் அன்றைக்குத்தான் நான் நிதானமாகப் படித்தேன். முதல் கம்பெனியில் சந்தா மிகக் குறைவு. ஆனால் உடம்பில் எங்காவது கட்டியோ வீக்கமோ உண்டா என்று நேரடியாகக் கேட்டிருந்தார்கள். இரண்டாவது கம்பெனி தங்கள் டாக்டரையே அனுப்பிச் சோதிப்பார்களாம். மூன்றாவது உங்கள் கம்பெனி. மருத்துவரைப் பார்த்தீர்களா, மருத்துவர் ஏதாவது நோய் என்று சொன்னாரா, சிகிச்சை எடுத்தீர்களா. அவ்வளவுதான். சந்தா மற்ற இரண்டையும் விட அதிகம். இருந்தும் உங்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். “கொட்டேஷன் சாரே கூட ஏமாந்துட்டாரு போல” என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விண்ணப்பத்தில் நான் பொய் எழுதுகிற ஆள் இல்லை. எழுதினால் பின்னால் கண்டுபிடித்துப் பணத்தை நிறுத்துவீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனே நான்தான். ஆகவே மருத்துவரைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுத வேண்டுமானால், அது உண்மையாக இருந்தாக வேண்டும். உண்மையாக இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

அது நினைத்த அளவு சுலபமாக இல்லை. அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. தைக்கும்போது அடிக்கடி கை அந்த இடத்துக்குப் போகும். அதனால் எங்கள் தொழிற்சாலை முதலுதவி அறையில் இருப்பவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எப்போதும் கையில் பஞ்சோடு திரிவதால் அவனுக்குப் ‘பஞ்சு’ என்றே பெயர். கை வெட்டுப்பட்டால் கட்டுப் போடுவான், தலைவலிக்கு மாத்திரை கொடுப்பான். துணிக்கு மேலேயே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லக்கா. கொழுப்புக் கட்டி. நெறைய பேருக்கு வரும். இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்.”

அவன் போனதும் அவள் கேட்டாள்.

“அவரு ஏங்க உங்க மொகத்தப் பாத்துப் பாத்துப் பேசினாரு?”

“கூச்சம். பொம்பளைங்க விஷயம் பாரு.”

அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு இயந்திரச் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து எனக்குத்தான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இவள் எனக்குத் தெரியாமல் எங்காவது போய்க் காட்டிவிட்டால்? வேலை முடிந்து வந்ததும் முதலில் அவளுடைய ஸ்கூட்டரில் கிலோமீட்டரைப் பார்ப்பேன். துணிக்கடைக்குப் போய்வர எவ்வளவு ஓடும் என்று எனக்குத் தெரியும். கைப்பையைத் துழாவுவேன். மாத்திரை அட்டையோ மருந்துக்கடை ரசீதோ இருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் குளித்துவிட்டு வந்தால் கூட, கழுத்தருகில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். ஆசையாக வருகிறேன் என்று நினைத்துக் கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

என் சந்தேகம் வீண்போகவில்லை. அவளும் அவளுடைய தங்கையும் சேர்ந்து ஒரு பெண் டாக்டரிடம் நேரம் குறித்துவிட்டார்கள். அந்த மருத்துவமனையில் எங்கள் வீட்டு போன் எண் என்று பதிவாகியிருந்தது என் எண். மகள் பிறந்தபோது கொடுத்தது. நினைவூட்டல் எனக்கு வந்தது. உடனே போன் செய்து, என் மனைவி வெளியூர் போகிறாள், இப்போது வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள், டாக்டர் நீண்ட விடுப்பில் போகிறாராம் என்றேன். அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உங்களிடம் சொன்ன பொய் அல்ல.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்று மட்டும் அவளிடம் கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னுதான்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவே அவளால் முடியவில்லை. திருடி மாட்டிக்கொண்டவள் போல நின்றாள். நான் மன்னித்துவிட்டேன்.

பாலிசி மாறியது. மேற்கொண்டு ஒரு கேள்வி கூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டீர்கள். அன்றைக்கே அவளைக் கூட்டிப் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் உங்கள் தொழில் எனக்கும் கொஞ்சம் தெரியும். பாலிசி எடுத்த கையோடு பெரிய தொகை கேட்டு வந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா? இதோ இப்போது வந்திருக்கிறீர்களே, இதே போல ஆள் அனுப்புவீர்கள். கொஞ்ச காலம் ஓடட்டும் என்று பொறுத்தேன். மழைக்காலம் வந்து போனது. கட்டி வளர்ந்தது. கை வீங்கி, கனமான துணியைத் தூக்க முடியாமல் ஆனது. நானே தூக்கிக் கொடுத்தேன், இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். எந்தக் கணவன் இதையெல்லாம் செய்வான்?

கடைசியில் நான் வேலைக்குப் போயிருந்தபோது தங்கைக்காரி வந்து, அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாள். புற்றுநோய் என்றார்கள். எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஆரம்பத்தில் வந்திருந்தால் சுலபமாகக் குணப்படுத்தியிருக்கலாம் என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எப்போதும் சொல்வதுதான் அது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் என் மச்சினி என்னை வழிமறித்தாள்.

“மாமா, அக்காவுக்கு என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“நான் என்ன டாக்டரா?”

“ஸ்கூட்டர் மீட்டரப் பாப்பீங்களாமே. அக்கா சொன்னா. அவர் என் மேல எவ்வளவு அக்கறையா இருக்காரு பாருன்னு சொல்லிச் சிரிச்சா.”

நான் விலகி நடந்தேன். அவள்தான் உங்கள் அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பாலிசியில் போயிருந்தால் என் மனைவி நாலு பேரோடு பொது அறையில் கிடந்திருப்பாள். உங்கள் பாலிசியில் அவளுக்குத் தனி அறை கிடைத்தது. பெரிய ஜன்னல். அதில் தொங்கிய திரைச்சீலையைப் படுத்துக்கொண்டே பார்த்து, “மடிப்பு சரியா வைக்கல” என்று குறை சொன்னாள். அந்த அறையில்தான் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு இதையும் சொன்னாள்.

“அந்தப் பஞ்சு மேல எனக்கு அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சுங்க. அந்த டாக்டர் லீவுங்கறதுலகூட சந்தேகம் வந்துச்சு. உங்க மேல மட்டும் வரவே இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று நான் உண்மையாகவே அழுதேன். இரண்டு வாரத்தில் அவள் போய்விட்டாள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தொட்ட அன்றைக்கே தெரியும். பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொரு நோயையும் அதன் அறிகுறியோடு வருடக்கணக்காகப் படித்தவன் நான். கெட்டியாக, வலிக்காமல், நகராமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் முதலில் பாலிசியை மாற்றி முடித்தேன். பெரிய செலவு வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் மட்டமான பாலிசியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது புத்திசாலித்தனமா, நீங்களே சொல்லுங்கள். பழைய பாலிசியிலும் சிகிச்சை கிடைத்திருக்கும். அதுவும் தெரியும். ஆனால் பில்லில் ஒரு பங்கு நம் கையிலிருந்து போயிருக்கும். கொழுப்புக் கட்டி என்று சொல்லச் சொல்லிப் பஞ்சுவுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவன் மறுத்தான். ஒருதடவை டாக்டரிடம் காட்டிவிடலாமே சார் என்று கெஞ்சினான். வேலை நிரந்தரமாக வேண்டுமா இல்லையா என்று கேட்டேன், சொல்லிக் கொடுத்தபடியே சொன்னான்.

ஆனால் எனக்குத் தெரியுமா என்று உங்கள் விண்ணப்பம் கேட்கவில்லை. மருத்துவர் சொன்னாரா என்றுதான் கேட்டது. பஞ்சு மருத்துவர் இல்லை. ஆகவே நான் எழுதிய ‘இல்லை’ சரியான பதில். நீங்கள் தொகையை நிறுத்த வழியில்லை என்று காட்டுவதற்காகத்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இது மறுபடியும் புதுப்பிக்கும் மாதம். மகள் விடுதியைக் காலி செய்துவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். “அப்பா, இனிமே என் பேர எதுலயும் போடாதீங்க” என்று போனில் சொன்னாள். அதனால் தனி ஆளுக்கான திட்டங்களைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் மிக நல்ல விலைக்கு வருகிறது. நேற்று உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி இருந்தது. குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று கீழே சிறிய எழுத்தில் விளக்கம் போட்டிருந்தார்கள். மனைவி அதில் வரவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று எழுதினேன்.