பிளவுக்கும் வெட்டுமுகப்புக்கும் நடுவே

தலைமை தாங்கி வீற்றிருக்கும் அபூசாலி ஹாஜியார் அவர்களே! என்னை மேடையேற்றிய ஆசிரியை ஸுஹைரா அவர்களே! ஊர்ப் பெரியோர்களே! உப்பளத்து வெயிலில் வெந்து எங்களைக் குளிர வளர்த்த தாய்மார்களே! பத்தாம் தரத்து மாணவி றஹ்மாவின் நடுங்கும் ஸலாம் உங்கள் அனைவருக்கும்.

'எங்கள் கரையும் நிலக்கரியும்' என்று தலைப்புத் தந்தார்கள். கப்பலில் வந்து இறங்கும் கரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதை வெட்டுகிறவனைப் பற்றி யார் பேசுவது? நான் பேசுகிறேன். ஏனென்றால், வெட்டப் போகிறவர் என் மூத்த சகோதரர், என் நானா. ஓம், பின்வரிசையில் நின்று சிரிக்கிறாரே, அந்த றிப்னாஸ்தான்! யுத்தம் முடிந்தது, இனிப் பிள்ளைகள் வீடு தங்குவார்கள் என்றிருந்தோம். வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும், ஹாஜியார் வெளிநாட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பும் இளைஞர்களோடு அவரும் புறப்படுகிறார்.

சுரங்கத்தில் பூமியின் பாரத்தைத் தாங்குவது எது? வெட்டாமல் விட்ட கரிதான். பாறை முறியாமல் இருந்தால் பாரம் தூரத் தூரப் பரவிவிடும். வழியில் ஒரு நிலப்பிளவு இருந்தால்? என்றோ பூமி முறிந்து நழுவிய இடம் அது. அதைக் கடந்து பாரம் எளிதில் பரவாது. பிளவுக்கும், ஆட்கள் நின்று கரி வெட்டும் சுவரான வெட்டுமுகப்புக்கும் நடுவே எஞ்சிய கரியிலேயே குவியும். வெட்ட வெட்டக் கரி மெலியும். மெலிய மெலியப் பாரம் கூடும். கூடக் கூடப் பாறை நெரிந்து கத்தும். பிளவு நழுவினால் கரிச்சுவர் வெடித்துப் பாயும்!

விளங்கவில்லையா தாய்மார்களே? உங்களுக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்! சென்ற பருவத்தில் எங்கள் வாப்பா நெய்னார், உப்புப் பாத்தியை அகலமாக்க வரம்பை உட்பக்கமாகச் செதுக்கினார். மறுபக்கம் கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வரம்பு கசிந்தது. "வெளிய வாங்க, அது நிக்காது!" என்று உம்மா கத்தினார். நானா கசிவைக் குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டு, "பொறுங்க உம்மா, இன்னும் ஒரு சாண் வெட்டலாம்" என்றார். அந்த ஒரு சாணில் வரம்பு போனது. பருவத்து உப்பும் போனது. நானாவை இடுப்பளவு சேற்றிலிருந்து நாங்கள்தான் இழுத்தெடுத்தோம்.

சிரிக்கிறீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம். தலைக்கு மேல் வானம் இருந்ததால் சிரித்தோம். சுரங்கத்தில் வானம் இருக்காதே!

நேற்றும் நானா சொன்னார்: "என்னத்துக்கு அழுற? கசிஞ்ச வரம்ப மிதிச்சவன் நான். அங்கயும் மிதிச்சிடுவன்."

ஹாஜியார் அவர்களே! எங்கள் வீடுகளில் அடுப்பெரிய வழி தேடுகிறவர் நீங்கள். உங்கள் மேல் கோபமில்லை, ஒரு கேள்விதான். பிளவுக்கு அருகே பாறை கத்தினால், வேலையைப் போட்டுவிட்டு வெளியே வர இவர்களுக்கு உரிமை உண்டா? "கேட்டுப் பாக்கிறன் மகள்" என்கிறீர்கள். எப்போது கேட்பீர்கள்? விமானம் ஏறிய பிறகா, வெள்ளிக்கு முன்பா? முன்பே என்று தலையசைக்கிறீர்கள். இந்தச் சபை சாட்சி!

நானா! கல் கத்தினால் வெளியே வாங்க. பயந்தவன் என்று சொன்னாலும் வாங்க. வெறுங்கையோடு என்றாலும் வாங்க. இழுத்தெடுக்க அங்கே நாங்கள் இருக்க மாட்டோம்.

என் நடுக்கத்தைப் பொறுத்த சபைக்கு நன்றி. போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வந்து இதே வரிசையில் நின்று சிரிக்கட்டும் என்ற துஆவோடு அமர்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.