சத்தம் போன செயின்

பாளையங்கோட்டையில் பெட்ரோல் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், ஒரே தெருக்காரர்கள் போல, பைக்கைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. வரிசைதான் நகரவில்லை.

“செயினுக்கு நான் எண்ணெய் போட்டிருக்கவே கூடாது வே” என்றார் நீலச் சட்டைக்காரர்.

“ஏன், அறுந்து போச்சா?”

“அதெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம வீட்டு வாசல்ல நிறுத்தி, மண்ணெண்ணெய தொட்டு பழைய பல்லு பிரசால அழுக்க எல்லாம் தேச்சு எடுத்தேன். பொறவு பின் சக்கரத்தைப் பைய சுத்திக்கிட்டே கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டா விட்டேன். கரகரன்னு கெடந்த செயினு இப்ப மூச்சே விடல.”

“நல்லதுதானவே? முன்னல்லாம் நீரு தெரு முக்குல திரும்பையிலயே எங்க வீட்டுக்குக் கேக்கும்.”

“எங்க வீட்டுக்கும் கேட்டிருக்கு. எத்தன வண்டி போனாலும் அந்தக் கரகரதான் எனக்கு அடையாளம். மறுநாள் சாயங்காலம் போய் எறங்குதேன், உள்ள ஒரே சிரிப்பு. எம்மவ என்னைய மாதிரியே நடந்து காட்டுதா, அவ அம்மையும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிக்காவ. நான் செருப்பைக் கழட்டுன சத்தம் கேட்டதும் கப்புன்னு நின்னு போச்சு. அவ அம்மை அடுப்படிக்குப் போயிட்டா. பிள்ளைக புஸ்தகத்தை எடுத்துக்கிட்டாவ.”

“நீரு என்ன சொன்னீரு?”

“காப்பி கேட்டேன்.”

வரிசை நகர்ந்தது. அவர் பைக் சத்தமே இல்லாமல் உருண்டது.

“இப்பல்லாம் தெரு முக்குலயே ஹாரன் அடிச்சிருதேன்” என்றார்.

“எதுக்குவே?”

“அவுக சிரிச்சு முடிச்சுக்கிடட்டும்னுதான்.”