நீளமான சொல்லையே எழுதுங்கள்

அவையை நடத்தும் சண்முகலிங்கம் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே, குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் குழந்தைகளை மடியில் ஏந்தியிருக்கும் தாய்மார்களே, கதவோரம் நிற்கும் இளையோரே, மொன்ட்ரியாலில் வாழும் என் மக்களே, வணக்கம்.

நம் சங்கத்தின் யாப்பு விதிகளைத் திருத்தக் கூடியிருக்கிறோம். குற்றவழக்கை எதிர்கொள்ளும் நிர்வாகி, தீர்ப்பு வரும்வரை பதவியிலிருந்து விலகி நிற்க வேண்டும். இதுதான் திருத்தம். இது யாரை எண்ணி எழுதப்பட்டது என்று இங்கே யாருக்குத்தான் தெரியாது? நீங்கள் தேர்ந்தெடுத்த தலைவியாகிய என்னை எண்ணித்தான். வேலையிடத்தில் ஒருவரைத் தள்ளி விழுத்தினேன் என்று என்மீது வழக்கு. நடந்தது என்ன? சொல்லத் துடிக்கிறது நாக்கு. சொல்லாதே என்கிறார் வழக்கறிஞர். தீர்ப்பு வரும்வரை திறவாத வாயோடு திரிகிறேன்.

"அப்ப என்னத்துக்கு மைக்கைப் பிடிச்சனீங்கள்?" என்கிறார் அன்டன் அண்ணை. நல்ல கேள்வி அண்ணை. சொல்கிறேன், இருங்கள்.

திருத்தத்தை நான் எதிர்க்கவில்லை. பொதுப்பணிக்கு வந்தவர்மீது ஐயம் படிந்தால், அவர் பதவிக் கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கலாமா? கூடாது. நானும் அப்படி இருக்கக் கூடாது. ஆனால் உங்கள் கையிலுள்ள தாளில் 'குற்றவாளியான நிர்வாகி' என்று இருக்கிறது. செயலாளர் ஆரூரனைக் கேட்டேன்.

"அக்கா, 'குற்றஞ்சாட்டப்பட்ட' எண்டு போட்டால் வரி அடுத்த பக்கத்துக்குப் போகுது. அதுதான் சுருக்கினனான். பேந்து ஒருநாள் திருத்துவம்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அந்தத் தாள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த வாரம், இல்-பிசார் தீவில் இருக்கும் ஓர் அக்காவை வழக்கம்போல் கோவிலுக்குக் காரில் ஏற்றப் போனேன். பெயர் சொல்லமாட்டேன். "நீ போ பிள்ளை, நான் பஸ்ஸிலை வாறன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை, இல்-பிசாரில் பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. பனியில் உறைந்தாலும் உன்னோடு வரமாட்டேன் என்பதை அதைவிடப் பண்பாக எப்படிச் சொல்வது? தனியே பாலத்தைக் கடந்தேன். வானொலியைப் போட்டேன், பிறகு நிறுத்தினேன். கோவிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னும் இடைவெளி, பின்னும் இடைவெளி.

அன்புக்குரியவர்களே, குற்றச்சாட்டு என்பது கேள்வி. குற்றவாளி என்பது விடை. நீதிமன்றம் இன்னும் கேள்வியிலேயே நிற்கிறது. நாமோ விடையை அச்சடித்து வீடு வீடாய் விநியோகித்துவிட்டோம். நாளை அந்த வரியில் நிற்கப்போவது உங்கள் மகளாக இருந்தால், "பேந்து திருத்துவம்" என்று பேசாமல் இருப்பீர்களா?

பதவியை எடுங்கள், அது நீங்கள் தந்தது. என் பெயரை எடுக்காதீர்கள். அது நீங்கள் தந்ததல்ல. வரி அடுத்த பக்கத்துக்குப் போனால் போகட்டும். அதற்காக ஒரு மனுசியை ஒதுக்கி வைக்கலாமா?

ஐயா, நீளமான சொல்லையே எழுதி, திருத்தத்தை வாக்குக்கு விடுங்கள். ஆதரித்து உயரும் முதல் கை என்னுடையது. தீர்ப்பு வரும்வரை இந்த மேடை எனக்கு வேண்டாம், இறங்குகிறேன். மூன்றாம் வரிசையில் அருகருகே இரண்டு கதிரைகள் வெறுமையாகத் தெரிகின்றன. ஒன்றில் நான் இருக்கப்போகிறேன். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. மற்றக் கதிரைக்கு வருபவர் யாராயினும், அவருக்கு என் வணக்கம்.