பெயர் எழுதாத வரைபடம்

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். ஜன்னலோரம் இருப்பதில் உட்காருங்கள், கொஞ்சம் காற்றும் வரும். நீங்கள் வருவதாக மகள் நேற்றே சொன்னாள். பயிற்சிக் கல்லூரியில் சமூக அறிவியல் நடத்துகிறவர் வேலை மெனக்கெட்டு ஒரு மாணவியின் வீட்டுக்கு வருகிறார் என்றால், அவள் ரொம்ப நன்றாகப் படிக்க வேண்டும், இல்லை அவளிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். என் மகள் விஷயத்தில் இரண்டும் உண்டு என்கிறீர்கள்.

கையில் வைத்திருப்பது அந்த வரைபடம்தானே? எல்லைக்கோடு மட்டும் போட்டு ஒரு பெயரும் எழுதாத உலகம். பிள்ளைகள் அவுட்லைன் மேப் என்பார்கள். இதில்தான் அவளை ஆறுகளைக் குறிக்கச் சொன்னீர்கள். நைல் நதியைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறவள், அது எங்கே ஓடுகிறது என்று காட்டத் தெரியாமல் பேனாவோடு நின்றுவிட்டாள். வகுப்பே சிரித்தது என்றாள். வீட்டில் அவள் இன்னொரு தரம் செய்து பார்க்கட்டும் என்று புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறீர்கள். நல்ல மனசு. இப்படி மேசைமேல் வையுங்கள். கையில் பேனாவும் முன்னால் ஒரு தாளும் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். பழக்கதோஷம்.

தேநீர் கொண்டுவந்தாரே, அவர்தான் என் கணவர். வாசலில் நீங்கள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னார், கவனித்தீர்களா?

“அவளைக் கேளுங்க மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வீட்ல படிப்பு சம்பந்தமா எதுன்னாலும் அவதான்.”

பிறகு கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சர்க்கரை போட்டுட்டேனா, அட்லஸ்?”

“போட்டாச்சுங்க.”

அவர் போட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போட்டாச்சு என்று நான் சொன்னால் அவருக்கு நிம்மதி. குடித்துப் பாருங்கள், இல்லையென்றால் டப்பா அங்கே இருக்கிறது. இனி அவர் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு வருவார். அதுவரை நாம் பேசலாம்.

அட்லஸ் என்பது பயிற்சிக் கல்லூரியில் எனக்கு வைத்த பெயர். கண்ணைக் கட்டிவிட்டு ஊரைக் கேட்டாலும் சுவரில் தொங்கும் வரைபடத்தில் விரல் வைப்பேன். அவர் அதே வகுப்பு. கலகலப்பான ஆள், நன்றாகப் பாடுவார், பக்கத்தில் இருப்பவரின் விடைத்தாளை இன்னும் நன்றாகப் பார்ப்பார். எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் செய்துகொண்டோம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு இரண்டு பேருமே விண்ணப்பம் நிரப்பினோம். அவருடையதையும் நான்தான் நிரப்பினேன், அவர் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் அவர் போனார்.

அன்று நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள். என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“என்னோடதக் குடுத்துட்டேன். உன்னோடதக் குடுக்கல அட்லஸ். ஒரு வீட்டுக்கு ஒரு வாத்தியார் போதாதா?”

நாத்தனார் சிரித்தார். “அதுவும் சரிதாண்டா. ரெண்டு பேரும் பிரம்பு எடுத்தா வீடு தாங்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது வயிற்றில் இந்த மகள் இருந்தாள். விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள் என்பது எனக்கு நினைவிருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது, தூசிகூடப் படியவில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு அவரே சமாதானமும் சொன்னார். “நான் மொதல்ல பாஸாகிக்கிறேன். அதுக்கப்புறம் உன் முறைதான். சத்தியமா.” நல்ல ஏற்பாடு என்றேன். உங்களுக்குக் குறிப்புகளை நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். கரும்பு தின்னக் கூலியா என்று துள்ளினார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதில் பொய் கிடையாது. தவறான விடை எழுதி ஒருவரைத் தோற்கடிப்பது சில்லறை வேலை. எந்தக் கைடைப் புரட்டினாலும் பிடிபட்டுவிடும், எனக்கும் அதில் மரியாதை இல்லை. நான் உண்மையைத்தான் எழுதினேன். கேட்கமாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த உண்மைகளை எழுதினேன்.

தேர்வில் பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் கேட்பார்கள். நான் புரட்சிக்காரர்கள் போட்ட புது நாட்காட்டியை எழுதினேன்: வாரத்துக்குப் பத்து நாள், மாதங்களுக்குப் பனி, பூ, அறுவடை என்று பெயர். படித்துவிட்டு அசந்துபோனார். தீர்க்கரேகையை வைத்து, இங்கே நண்பகல் என்றால் அங்கே என்ன நேரம் என்று கணக்குக் கேட்பார்கள். நான் கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க ஒரு தச்சர் ஆயுள் முழுக்கக் கடிகாரம் செய்த கதையை எழுதினேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பாடம் கற்பிக்கும் முறைக்கு நிறைய மதிப்பெண் உண்டு, நீங்கள் அறியாததல்ல. அதை எழுதவே இல்லை. “உங்களுக்கெதுக்குங்க அது? கிளாஸ்ல நின்னா தானா வரும்” என்றேன். அந்தப் புகழ்ச்சியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

வரைபடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வண்ணம் தீட்டி, ஒவ்வொரு ஆற்றுக்கும் மலைக்கும் துறைமுகத்துக்கும் பெயர் எழுதி, மாட்டி வைக்கிற மாதிரி வரைந்து தருவேன். பெயர் எழுதாத வரைபடத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டியதில்லை. வெறும் கோட்டில் தானே குறித்து, தப்பாகி, மறுபடி குறித்துப் பார்க்காத வரைக்கும் யாருக்கும் வரைபடம் வராது. பார்க்கப் பார்க்கத் தெரிந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரைக்காயை நன்றாக வரைந்துவிட்டால் பசிப்பதுகூடத் தெரியாது.

முதல் தடவை கொஞ்சத்தில் போய்விட்டது. வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினார்.

“ஒண்ணுகூட நம்ம நோட்ஸ்லேர்ந்து வரலையே, அட்லஸ்?”

“பக்கத்துல பக்கத்துல வந்திருக்கு பாருங்க. இன்னும் ஆழமாப் போகணும்.”

ஆழமாகப் போனோம். கிணறு தோண்டுகிறவர் மாதிரி வருஷத்துக்கு வருஷம் கீழே போய்க்கொண்டே இருந்தார். பகலில் பார்சல் ஆபீஸில் ரசீது எழுதும் வேலை, மாலையில் என் குறிப்புகள். பேருந்தில் கேட்க என் குரலிலேயே பதிந்து கொடுத்தேன். ஒருமுறை எனக்குத் தெரியாமல் கடையில் ஒரு கைடு வாங்கி வந்துவிட்டார். நான் கோபிக்கவில்லை. உட்கார்ந்து அதிலிருந்த அச்சுப்பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு அவர் தலையணைமேல் வைத்தேன். தலைகுனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். அந்தக் கைடு மட்டமானதுதான். ஆனால் அதைப் படித்தவர்கள் தேறினார்கள்.

சொந்தபந்தம் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. “இப்படி ஒருத்தி கெடைக்க என் தம்பி குடுத்து வச்சிருக்கணும்” என்று நாத்தனாரே சொன்னார். முடிவு வருகிற ஒவ்வொரு முறையும் என் கணவர் உள்ளே வரத் தயங்கித் தெருவில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, எல்லாரும் கேட்க ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “இவ எழுதியிருந்தா அன்னிக்கே பாஸாகியிருப்பா. நான்தான் மண்டு.” முதலில் ஆறுதலுக்காகச் சொன்னார். பிறகு நம்பிச் சொன்னார். அதைக் கேட்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதல்லவா?

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல என்பார்களே, அப்படித்தான் இறங்கியது. பாட்டு முதலில் நின்றது. பிறகு செய்தித்தாள், “படிச்சா மட்டும் எனக்குப் புரியவா போகுது” என்று. பிறகு நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறப்பது. இப்போது கையெழுத்துப் போடும் முன் என்னைப் பார்க்கிறார். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று, தினமும் ஏறுகிற பேருந்தையே, என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுப் படி இறங்குகிறார். ஒரு வீட்டுக்கு ஒரு வாத்தியார் போதும் என்றவர் அவர்தான். அவர் விருப்பப்படியே ஆயிற்று.

வயது வரம்பு முடிந்த அன்று என் மடியில் தலைவைத்து அழுதார். என்னால் உன் வாழ்க்கையும் வீணாகிவிட்டது என்றார். தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த அழுகைக்காகத்தான் அத்தனை வருடம் பக்கம் பக்கமாக எழுதினேன். அது போதுமானதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி வயிறுதான் நிரம்பியது.

நீங்கள் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திவிட்டீர்கள். கேளுங்கள்.

“நடுவுல ஏதாவது ஒரு வருஷம் நீங்களே எழுதியிருக்கலாமே?”

அதுதான் சொன்னேனே, அவர் தேறிய பிறகுதான் என் முறை. அவர் தேறவில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். நான் வாக்குத் தவறுகிறவள் அல்ல. இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. ஓ, சிரிக்கவில்லையா, சரி.

இனி மகள் விஷயம். அதற்குத்தானே வந்தீர்கள்.

அவள் என் சாயல், ஆனால் அப்பா பிள்ளை. அவர் என் குறிப்புகளிலிருந்து தச்சர் கதையையும் நாட்காட்டிக் கதையையும் அவளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தார். அவளிடம் பேசும்போது மட்டும் அவருக்குப் பழைய குரல் வந்துவிடும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். நல்ல வாத்தியாராகத்தான் ஆகியிருப்பார். அது எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

அவளும் சமூக அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்றாள். உங்கள் கல்லூரியில் சேர்ந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார், இவ எழுதியிருந்தா அன்னிக்கே பாஸாகியிருப்பா என்று. அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“எழுதியிருந்தாத்தானேப்பா. நீங்க தோத்தாலும் ஒவ்வொரு தடவையும் போய் உக்காந்தீங்க. அம்மா ஒரு தடவைகூடப் போகல. பயந்துட்டாங்கன்னு நெனைக்கிறேன்.”

கேலியாகத்தான் சொன்னாள். அவர் பதறி, “அம்மாவ அப்படிச் சொல்லாதடி” என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் அவளாகவே வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். “அப்பாவுக்குப் போட்டுக் குடுத்த மாதிரியே எனக்கும் நோட்ஸ் போட்டுக் குடும்மா. உன்ன மாதிரி யாராலயும் எழுத முடியாது.”

அவளுக்கு எழுதியதைத்தான் நீங்கள் அவளிடம் வாங்கிப் பையில் வைத்திருக்கிறீர்கள். முழுக்கப் படித்தேன் என்கிறீர்கள். எழுதியவருக்குப் பாடத்திட்டம் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கேள்விமீதுகூட இடித்துக்கொள்ளாமல் இப்படி நடந்து போக முடியாது என்கிறீர்கள். உண்மையைச் சொல்லட்டுமா? இத்தனை வருடத்தில் என் வேலையைப் புரிந்துகொண்டு படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நன்றிக்காகத்தான் இவ்வளவும் உங்களிடம் சொன்னேன்.

அவரைப் பழிவாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். மகளிடம் எனக்கு என்ன பகை? கை பழகிவிட்டது, அவ்வளவுதான், வேறு மாதிரி எழுத வரவில்லை. இப்படித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்க்கிற பார்வையில் அது நிற்காது. சரி. எனக்கு வேறு மாதிரியும் எழுத வரும். நினைத்திருந்தால் முதல் முயற்சியிலேயே அவளைத் தேற வைத்திருப்பேன். அவரையும்தான்.

ஆனால் அவள் தேறிவிட்டால், இவ எழுதியிருந்தா என்று இந்த வீட்டில் யார் சொல்வார்கள்? அவர் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியம்தான் என் பெயரில் இருக்கும் சொத்து. அதைப் பெற்ற பிள்ளைக்கும் எழுதிக் கொடுக்க எனக்கு மனசில்லை. நீங்கள் அவளிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். அவள் உங்களைத்தான் சந்தேகப்படுவாள்.

படியில் பேச்சுக்குரல் கேட்கிறது, அவர்கள்தான். அப்பாவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

அடடா, அவளுக்கென்று நீங்கள் கொண்டுவந்த வரைபடம். பேசிக்கொண்டே இருந்ததில் நானே எல்லாப் பெயரையும் எழுதி முடித்துவிட்டேன். நைல், அமேசான், ஆல்ப்ஸ், ஆண்டிஸ், துறைமுகங்கள்கூட. அவள் குறிப்பதற்கு இனி இதில் இடம் இல்லை. மடித்து வைக்க வேண்டாம், கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள் மேடம். கல்லூரியை விட்டபிறகு எனக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை.