விசிலில் ஆரம்பிக்கிற பாட்டு

– அந்த விசில் பாட்டை நீ நிறுத்தறியா, இல்ல நான் வந்து பிளக்கைப் பிடுங்கவா?

– பார்த்து வாங்கக்கா, தரையெல்லாம் பெயிண்ட். அந்தப் பேப்பர் மேல கால் வைங்க.

– ஆளை வச்சு அடிக்கக் கூடாதா? மூஞ்சியெல்லாம் மஞ்சளா அப்பிக்கிட்டு... ஏம்மா, நான் என்ன சொல்றேன்னா, காலையில இருந்து இதே பாட்டுதான் ஓடுது. கீழ்வீட்டுல உக்காந்து சீரியல் பார்க்கிறேன், எவ அழுறா, எவ அழ வைக்கிறான்னே தெரியல.

– தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது? நாளைக்கு மாத்தி அழப்போறாங்க.

– கிண்டலா? பாட்டுதான் வேணும்னா மனசுக்கு இதமா ஒண்ணு வையேன். நான் துணி மடிக்கிறப்பகூடத் தாலாட்டுதான் முணுமுணுப்பேன். என் பையனுக்கு மீசையே நரைக்கப்போகுது, அது வேற விஷயம்.

– தூங்கினது போதும்க்கா. எனக்கு இப்ப முழிச்சிருக்கிற பாட்டுதான் வேணும்.

– மாடிப்படியில எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? புருஷன் வீட்டை விட்டுப் போய் மூணு மாசம் ஆகல, இவளுக்கு ஆட்டம் பாட்டம் கேக்குதாம்னு.

– அவராப் போகல. நான்தான் போகச் சொன்னேன். பூட்டையும் மாத்திட்டேன். அதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்க.

– ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஏதோ தங்கச்சியா நெனச்சுச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை குடியிருக்கிறவங்க கூட்டத்துல இதைத்தான் கேக்கப்போறாங்களாம். வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவே?

– கேக்கட்டும். நானும் வர்றேன். ஸ்பீக்கரையும் தூக்கிட்டு வர்றேன்.

– அடேங்கப்பா, என்ன வாய்! அந்த மனுஷன் இருந்தவரைக்கும் இந்த வாயைக் காணோமே. பாவம், வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவர். படியில பார்த்தா என் பையை வாங்கிக்கிட்டு வருவாரு. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் இந்தப் பாட்டுதான். வச்சா அப்படிச் சத்தமா வைப்பாரு.

– அவருக்குப் பாட்டே பிடிக்காதுக்கா.

– பிடிக்காமலா அத்தனை தடவை வச்சாரு?

– இது என் பாட்டு. ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டு, மொத மொதல்ல தனியாப் பாலத்து மேல ஏத்தினேன். மழை கொட்டுது. ஹெல்மெட்டுக்குள்ள தொண்டை கிழிய இதைத்தான் பாடினேன். பின்னாடி வந்த லாரிக்காரர் ஹாரன்லயே தாளம் போட்டாரு. அன்னிக்கு மாதிரி நான் எப்பவும் சந்தோஷமா இருந்ததில்ல. கல்யாணமான புதுசுல ஆசை ஆசையா அவர்கிட்ட அதைச் சொன்னேன்.

– சரி, அதுக்கு?

– அதையே எடுத்துக்கிட்டாரு. கதவைச் சாத்துவாரு. இந்தப் பாட்டை முழுசா ஏத்தி வைப்பாரு. அப்புறம்தான் அடிப்பாரு. நான் கத்தறது வெளிய கேக்கக் கூடாதுல்ல.

– ஐயையோ! என்னம்மா சொல்றே?

– அலமாரி பக்கத்துல, சுவத்துல பள்ளம் தெரியுதா? என் தலை மோதினது. அதுக்கும் மஞ்சள் அடிக்கப்போறேன்.

– அடிக்கிற கைதான் அணைக்கும்னு...

– அணைக்கிற கையை நான் பார்க்கவே இல்லக்கா.

– எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?

– அவர் போனப்புறம் மொத தடவை வச்சப்ப, விசில் வந்ததுமே வாந்தி எடுத்தேன். அப்புறம் பல்லவி வரைக்கும் தாக்குப்பிடிச்சேன். இன்னிக்குக் காலையிலதான் கடைசி வரி வரைக்கும் கூடவே பாடினேன். பீரோ, கட்டில், எதை வேணா அவர் எடுத்துக்கிட்டுப் போகட்டும். இதை மட்டும் விட மாட்டேன். என் பாட்டு திரும்ப என் பாட்டா ஆகுற வரைக்கும் இந்த வீட்டுல ஓடும்.

– நியாயந்தான். நான் என்ன சொல்றேன்னா... கொஞ்சம் மெதுவா வச்சுக்கோ. அந்த விசிலைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது. சோறு இறங்க மாட்டேங்குது.

– எனக்கு நடுங்கினா சரி. உங்களுக்கு ஏன்க்கா நடுங்குது?

– அது... வயசாகுதுல்ல. ரத்தக்கொதிப்பு வேற...

– பழையபடி டிவி சத்தத்தை ஏத்தி வச்சுக்குங்க. அப்பல்லாம் விசில் ஆரம்பிச்சதுமே ஏத்துவீங்களே, இந்தத் தரையில காது பட விழுந்து கெடந்தப்ப ஒவ்வொரு தடவையும் எனக்கு நல்லாக் கேட்டுச்சு.