அடைப்பே இல்லாத வீடு

பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் ஒரு சல்லடை மூடி போட்டு, அதில் சிக்கும் தலைமுடியைத் தினமும் எடுத்துக் குப்பையில் போட்டாலே பாதி அடைப்பு வராது. இதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டியதில்லை. ஆனாலும் வேங்கிக்காலில் எங்கள் தெருவில் இருக்கும் பதினொரு வீடுகளில் இதைச் செய்தவள் நான் ஒருத்திதான்.

ஏட்டு எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவள் நான். அதன் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் தாள் வாங்கி நானே எழுதுகிறேன். பெயர் ஜோதியம்மாள், வயது அறுபத்திரண்டு. கணவர் இல்லை, தனியாக இருக்கிறேன்.

இந்த வீட்டைக் கட்டியது தொண்ணூற்று மூன்றில். எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவேன். மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும். சனிக்கிழமைதோறும் குழாயில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவேன். இந்த ஆறு வருஷத்தில் என் வீட்டுக் குழாயில் ஒரு தடவைகூடக் கம்பி விட்டுக் குத்தியதில்லை.

பக்கத்து வீட்டு திரௌபதி வேறு ரகம். புருஷன் காசி ஆட்டோ ஓட்டுகிறவன். தென்றல் என்று நாலு வயசுப் பெண், கைக்குழந்தையாக ஒரு பையன். சோறு வடித்தால் கஞ்சியோடு கால்வாசிச் சோறும் சாக்கடைக்குத்தான். புளிச்சக்கை, தேங்காய் நார், எல்லாம் அங்கேதான். மாதம் தவறாமல் அடைத்துக்கொள்ளும். உடனே மதில் மேல் தலை தெரியும்.

“ம்மா, தண்ணி போவ மாட்டேங்குது. உங்ககிட்ட எதுனா கம்பி இருக்குதா?”

“மொதல்ல சோத்தக் கொட்றத நிறுத்து. அப்புறம் கம்பி கேக்கலாம்” என்பேன். அவள் சிரிப்பாள். சொன்னது எதுவும் மண்டையில் ஏறாத சிரிப்பு. அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

எங்கள் பக்கம் ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழே பாறை. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை உறிஞ்சத்தான் பக்கத்தில் குழி தோண்டுவார்கள். பாறை எதை உறிஞ்சும்? தொண்ணூற்றேழு ஐப்பசி மழையில் குழி நிரம்பி, டேங்கும் நிரம்பிவிட்டது. லாரி வந்து என் வாசல் வழியாகக் குழாய் விட்டு இறைத்தது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. “ஆபீசரம்மா வூட்டுதும் நாறத்தான் செய்யுது” என்று காசி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஓர் ஆட்டோக்காரன் பேச்சுக்கெல்லாம் நான் மதிப்புக் கொடுக்கிறவள் இல்லை.

தோட்டத்தில் ஒரு போர்வெல் இருந்தது. இருநூற்று நாற்பது அடி போட்டும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகை வந்த போர். குழாய் வேலை செய்யும் அய்யூப்பைக் கூப்பிட்டு, டேங்கில் வழிவதை இதில் இறக்கிவிடு என்றேன்.

“வேணாம்மா. பாறைல வெடிப்பு இருக்கும். எங்க போயி சேரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். பக்கத்து வூட்டு அடிபம்பு வேற முப்பதடி தூரத்துல இருக்குது” என்றான்.

சரி, மொட்டைமாடி மழைத் தண்ணீருக்கு மட்டும் குழாய் போடு என்றேன். போட்டுவிட்டுப் போனான். டேங்கின் குழாயை மறுநாள் நானே அதில் இணைத்தேன். வளைவுக்கு ஒரு எல்போ, கொஞ்சம் பசை, இரண்டு மணி நேர வேலை.

அல்லாவுக்கு மட்டும் தெரிந்திருப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. அடுத்த திங்கட்கிழமை, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலு பாட்டில் வாங்கி, அவ்வளவையும் கக்கூஸில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். வியாழக்கிழமை திரௌபதி குடத்தோடு வந்தாள்.

“ம்மா, இதப் பாருங்களேன். பம்புல தண்ணி நீலமா வருது.”

“கொடத்த ஒழுங்காத் தொலக்கு. எல்லாம் சரியாப் பூடும்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். பத்தாவது வரை படித்த பெண், நம்புங்கள்.

அன்றைக்கே குழாயைத் துண்டித்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். துண்டித்தால் மறுபடி லாரி வரும். அவருக்கு இது புரியவில்லை. நான் குடித்தது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், அதையும் காய்ச்சித்தான் குடிப்பேன். காய்ச்சிக் குடிக்க வேண்டாம் என்று அவர்களை யாரும் தடுக்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. தென்றலுக்கு அடிக்கடி பேதி. திரௌபதி ஓமத் தண்ணீர் கேட்டு வருவாள், நானும் இல்லை என்று சொன்னதில்லை. ஒருநாள் அந்தப் பெண் பம்படியில் விளையாடிவிட்டு, மண்ணும் கையுமாகத் தண்ணீர் பிடித்துக் குடிக்கப் போனது. மதிலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “கையக் கழுவிட்டுக் குடி” என்று அதட்டினேன். அது அந்தத் தண்ணீரிலேயே கையைக் கழுவிக் காட்டிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தது. சொன்னால் கேட்கிற குழந்தை. அம்மாவைப் போல இல்லை.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் வாந்திபேதி கண்டது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. சாவு வீட்டுக்கு நான்தான் காபி போட்டுக் கொண்டுபோனேன். திரௌபதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுனாலம்மா இப்டி ஆயிப்போச்சு? நான் என்னா செஞ்சேன்?”

“ஒன் கைதான்டி காரணம். கை சுத்தமா இருந்தா புள்ளைக்கு ஏன் பேதி வருது?” என்றேன். அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போன மாதம் தெருவில் அந்தப் பம்பில் தண்ணீர் பிடிக்கிற இன்னும் நாலு பேர் பேதியில் படுத்தார்கள். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து பம்புத் தண்ணீரைச் சோதித்து, பம்பைக் கழற்றிப் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு அய்யூப் என் தோட்டத்துக்கு வந்தான். போர் அருகே குனிந்து பார்த்து, “இது நான் போட்ட ஜாயின்ட் இல்லியே” என்றான். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். ஆனால் ஜாயின்ட் கசிகிறது என்று மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

ஏட்டு இரக்கப்பட்டு, ‘வயதான அம்மாள், விளைவு அறியாமல் செய்துவிட்டார்’ என்று எழுதியிருந்தார். எதையும் அறியாமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த வியாழக்கிழமையிலிருந்து, தென்றல் குடிப்பது என் வீட்டுக் கழிவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். இதை இப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். திரௌபதியிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். இப்போது முழங்கை வரை சோப்புப் போட்டு, தோல் வெடித்து ரத்தம் கசியக் கழுவுகிறாள். பையனைத் தொடவே பயப்படுகிறாள், காசிதான் ஊட்டிவிடுகிறான். ஆனால் ஒரு பருக்கைகூடச் சாக்கடையில் விழ விடுவதில்லை. மூன்று மாதமாக அவள் வீட்டில் அடைப்பே இல்லை. இத்தனை வருஷம் சொல்லியும் ஏறாதது இப்போதுதான் அவள் மண்டையில் ஏறியிருக்கிறது. உண்மையைச் சொல்லி அவளைக் கெடுத்துவிடாதீர்கள்.